கயலுக்கு, அந்த மஞ்சள் பைகள் பற்றி

பினாங்கு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவின் முட்டி மட்டும் நலமில்லை; அதைப் பிறகு சொல்கிறேன்.

போன வாரம் வீடியோ காலில் உன் லேப்பைக் காட்டி, அங்கே வளர்க்கும் ஸ்டெம் செல்லுக்கு, அதாவது வேறு செல்லாக மாறக்கூடிய மூல செல்லுக்கு, இப்போது பிளேட்லெட் சாறுதான் தீனி என்றாய். நான் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தினாய். லைன் நன்றாகத்தான் இருந்தது.

28 வருஷம் ரத்த வங்கியில் அந்தப் பைகளோடு கிடந்தவன் நான். சிவப்பணுவை ஐஸ் பெட்டியில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். ரத்தக் கசிவை அடைக்கும் அணுவான பிளேட்லெட்டுக்குக் குளிர் ஆகாது. 20 முதல் 24 டிகிரியில், தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் கிடக்க வேண்டும். அப்படிச் சீராட்டினாலும் ஆயுள் 5 நாள்தான். வார்டுக்கு அனுப்பும் முன் பையை வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அசைப்போம். அந்த இளமஞ்சளுக்குள் பட்டுப்புடவை மடிப்பில் ஓடுகிற மினுமினுப்பு மாதிரி ஒன்று சுழல வேண்டும். சுழன்றால் உயிரோடு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எடுத்தது, டிங்கியில் ரத்தம் கசிகிறவருக்கோ கேன்சர் வார்டுக்கோ தேவைப்படாமல் போனால், வெள்ளிக்கிழமையோடு சரி. சனிக்கிழமை காலை என் கையாலேயே குப்பைக்குப் போகும். ஒவ்வொரு பைமேலும் ஓர் எண். ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்து கை நீட்டிய எவனோ ஒருவன் அந்த எண். வீசும்போது எண்ணைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அதைத்தான் நீ உறைய வைத்து, உருக்கி, மறுபடி உறைய வைத்து உடைக்கிறாய். காயத்தை ஆற்றுவதற்காகப் பிளேட்லெட் தனக்குள் மூட்டை கட்டி வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் வெளியே கொட்டிவிடும். சுழற்றிச் சக்கையைத் தள்ளினால் மிஞ்சுவது சாறு. ஒருவர் சாறு போல இன்னொருவர் சாறு இருக்காது என்பதால் பல பேருடையதைச் சேர்த்துக் கலக்குகிறோம் என்றும் சொன்னாய். அப்போதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

முன்பெல்லாம் அந்த செல்லுக்குத் தீனி கன்றின் சீரம்தான். சினை மாட்டை அறுக்கும்போது வயிற்றிலிருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. செல்லை ஊசியில் ஏற்றும்போது அதோடு ஒட்டி வரும் மாட்டுப் புரதத்தை நோயாளியின் உடம்பு எதிர்க்கலாம், மாட்டு நோய் எதாவது தொற்றலாம் என்ற பயமும் உண்டு. ‘இப்போ மிருகமே இல்லப்பா’ என்று பெருமையடித்தாய். சரி, ஒரு குறுக்குக் கேள்வி. சாறு கூழாக உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்க்கிறாயே, அது பன்றிக் குடலிலிருந்து வருவதுதானே? பன்றியைத் தொடாத முஸ்லிம்கள் நிறைய இருக்கும் நம் ஊரில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். ரத்தம் கட்டிதட்டக் காரணமான ஃபைப்ரினோஜன் புரதத்தை முன்கூட்டியே கட்டிதட்ட வைத்து எடுத்துவிட்டால் ஹெப்பாரின் வேண்டியதில்லை என்று படித்தேன். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள், எழுது.

இனி முட்டிக் கதை. ஆயர் ஈத்தாமில் இருக்கும் தோழி ஒருத்தி அம்மாவை ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஸ்டெம் செல் ஊசி, தேய்ந்த முட்டி புதுசாகிவிடுமாம். அவர்கள் சொன்ன காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் மைவி கார் வாங்கலாம். ‘இந்த செல்லை எதில் வளர்த்தீர்கள்?’ என்று கேட்டேன். உன்னால் வந்த கேள்வி. ‘இம்போர்ட், அங்கிள், பெஸ்ட் குவாலிட்டி’ என்றான் பையன். மாட்டுச் சீரமா, மனுஷச் சாறா? தெரியவில்லை. சுகாதார அமைச்சின் மருந்துப் பிரிவில் பதிவு உண்டா? ஒரு புரோஷரும் மினரல் வாட்டரும் கொடுத்தான்.

மாட்டிறைச்சி வாடையே ஆகாத உன் அம்மா, மாடு என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்துவிட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ‘நாலு பேர் முன்னால மானத்த வாங்கிட்டீங்க’ என்று ஒரே சண்டை. இப்போது மறுபடி அந்தத் தோழியோடு போனில் குசுகுசுவென்று பேசுகிறாள்.

தேய்ந்த குருத்தெலும்பு ஊசியால் திரும்ப வளரும் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை என்பதை நீதான் அவளிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கஞ்சன் என்பாள். இங்கே ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிடு, உனக்கும் விடிந்திருக்கும். அன்றைக்குக் கோயிலில் ரத்ததான முகாம். கொடுக்க வயசு தாண்டிவிட்டதால் மைலோ கலக்கப் போகிறேன். நான் பக்கத்தில் இருந்தால், அப்பா சொல்லிக் கொடுத்ததைத்தான் நீ ஒப்பிக்கிறாய் என்று சொல்லிவிடுவாள்.

அப்பா