மோப்ப நாய் பிரிவு அதிகாரிகளுக்கும் ஹேண்ட்லர் தம்பிமார்களுக்கும்: டூட்டி முடிஞ்சதும் அந்த அரை மணி நேரத்த நாய்க்கு குடுங்க

தமிழ்நாட்டுல மாவட்டம் மாவட்டமா மோப்ப நாய் பிரிவ பாத்துக்கிற அதிகாரிகளுக்கும், தினமும் லீஷ் (நாய் கயிறு) புடிக்கிற ஹேண்ட்லர் தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம். நாயோடவே வேலை பாத்து ரிட்டையர் ஆனவன் நான். இப்பவும் தெரிஞ்ச பசங்க போன் பண்ணி "அண்ணே, காலைல எந்திரிக்கவே மாட்டேங்குது, பின்னங்கால இழுத்துக்கிட்டு நடக்குது, என்ன பண்றது"ன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு பதிலா எல்லாருக்கும் சேத்து இங்க எழுதுறேன். அதிகாரிங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், டூட்டி முடிஞ்சதுக்கு அப்புறம் ஒரு அரை மணி நேரத்த டூட்டி நேரமாவே கணக்குல எடுத்து ஹேண்ட்லருக்கு எழுதி குடுங்க. ஏன்னு சொல்றேன்.

சித்திரை திருவிழா பந்தோபஸ்த எடுத்துக்கங்க. அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடி மண்டகப்படி மண்டகப்படியா, பாலத்துக்கு அடியில, மேடைக்கு கீழ, விஐபி வர்ற பாதை முழுக்க பாம் செக்கிங். நாய் விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிடும், வண்டியில இருந்து குதிக்கும், ஏறும், மறுபடி குதிக்கும், மூக்க தரையில வச்சு வளைஞ்சு வளைஞ்சு தேடும், வெயில் ஏறுனா தாரும் கருங்கல்லும் கொதிக்கும். ராத்திரி கென்னலுக்கு (நாய் கூண்டுக்கு) கொண்டு வந்து தண்ணி வச்சு சோறு போட்டு பூட்டிட்டு ஹேண்ட்லர் வீட்டுக்கு போயிடுவாப்ல, அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அவரும் அதே அளவு நின்னுருக்காரு. மறுநாள் காலைல நாய் எந்திரிக்கிறப்ப முதுகு வில்லு மாதிரி வளைஞ்சு, நாலு எட்டு தாங்கி தாங்கி வச்சு, அப்புறம் கொஞ்சம் நடந்ததும் சரியாயிடும். "பாத்தியா, சும்மா சோம்பேறித்தனம்"னு விட்டுடுவோம். அங்கதான் தப்பு நடக்குது. படுத்து எந்திரிச்சதும் விறைப்பா இருந்து நடக்க நடக்க இளகுதுன்னா அது மூட்டு தேய்மானத்தோட முதல் அடையாளமா இருக்கலாம், அத சோம்பேறித்தனம்னு எழுதிட்டா அப்புறம் யாரு டாக்டர்கிட்ட காட்டப்போறா?

மூட்டுக்குள்ள இருக்கிற குருத்தெலும்புக்கு நேரடியா ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அசையுறப்ப உள்ள இருக்கிற வழுவழுப்பான திரவத்துல இருந்துதான் அதுக்கு சத்து போகுது. நாள் முழுக்க ஓட விட்டு டக்குனு கூண்டுல நிறுத்திட்டா தசை சூட்டோட இறுகிடும், மூட்டும் அப்படியே பிடிச்சுக்கும். இதோட, நிக்கிறப்பவே நாயோட உடம்பு எடையில கிட்டத்தட்ட 60 சதவீதம் முன்னங்கால்லதான் இருக்கு, வண்டியில இருந்து குதிக்கிறப்ப அதவிட பல மடங்கு மணிக்கட்டுலயும் முழங்கையிலயும் இறங்கும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் லேப்ரடாருக்கும் இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு கோளாறு பரம்பரையா வர்ற வாய்ப்பு ஜாஸ்தி, அப்ப அந்த நாய்க்கு இந்த வேலை எவ்வளவு பாரம்னு நீங்களே யோசிங்க.

சரி அந்த அரை மணி நேரத்துல என்ன பண்ணனும்? வேலை முடிஞ்ச உடனே கட்டிப்போடாம ஒரு பத்து நிமிஷம் நிழல்லயோ மண்தரையிலயோ லீஷ தளர விட்டு மெதுவா நடத்துங்க, இழுப்பு மூச்சு அடங்குற வரைக்கும். தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. உடம்பு சூடா இருந்தா வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் சாதா தண்ணியால நனைங்க, ஏன்னா நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, 101ல இருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும்தான் அதோட நார்மல், 105, 106னு போயிட்டா மூட்ட விட்டுட்டு உயிரத்தான் முதல்ல பாக்கணும். கால் விரல் இடுக்கு, பாதம், நகம் பாத்துக்கங்க, நகம் நீளமா இருந்தா விரல் மூட்டு கோணலா நிக்கும்.

நாய் ஆறுனதுக்கு அப்புறம் ஒரு பாய்ல சாய்ச்சு படுக்க வைங்க. பாதத்துல ஆரம்பிச்சு மேல் நோக்கி, நெஞ்சு பக்கமா, உள்ளங்கையால மெதுவா நீவி விடுங்க, தோள், தொடை, முதுகுத்தண்டுக்கு ரெண்டு பக்கமும் (முதுகெலும்பு மேல அழுத்தக்கூடாது). அப்புறம் ஒவ்வொரு மூட்டா மடக்கி நீட்டணும், மணிக்கட்டு, முழங்கை, தோள், பின்னால கணுக்கால், முட்டி, இடுப்பு, ஒவ்வொண்ணும் பத்து பதினஞ்சு தடவ போதும். அது இயல்பா மடங்குற திசையிலதான் மடக்கணும், திருகவே கூடாது. நாய் திரும்பி உங்க கைய பாத்தா, உதட்ட நக்குனா, கால உருவுனா அதோட நிறுத்திக்கங்க. நம்ம நாய் வலிய வெளிய காட்டாது, வேலைன்னா காலு ஒடிஞ்சாலும் வரும், அதனாலதான் இந்த சின்ன அடையாளத்த எல்லாம் கை வச்சு தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன். தினம் தொடுறவனுக்கு நேத்து இல்லாத வீக்கம் இன்னைக்கு உடனே தெரியும், எந்த எக்ஸ்ரேவுக்கும் முன்னாடி.

ஒத்தடம் குடுக்கிறதுல நெறய பேரு மாத்தி குடுக்குறாங்க. இன்னைக்கு குதிச்சு பிசகுன இடம், தொட்டா சூடா வீங்கியிருக்குன்னா ஐஸ துணியில சுத்தி பத்து பதினஞ்சு நிமிஷம். பழைய விறைப்பு, வீக்கமோ சூடோ இல்லைன்னா வெந்நீர்ல நனைச்சு பிழிஞ்ச துண்டு, அதுவும் முதல்ல உங்க கைல வச்சு பாத்துட்டு, காலைல டூட்டிக்கு கெளம்புறதுக்கு முன்னாடி வச்சா ரொம்ப நல்லது. வீங்குன மூட்டுல வெந்நீர் வைக்காதீங்க, வீக்கம் கூடும். களைச்சு வந்த உடனே வயிறு முட்ட சோறும் போடாதீங்க, இந்த பெரிய மார்பு நாய்களுக்கு வயிறு உப்பி திருகிக்கிற ஆபத்து இருக்கு.

இப்ப கோவமா ஒண்ணு சொல்றேன், பொறுத்துக்கங்க. தேங்காய் எண்ணெய்ல கற்பூரம் போட்டு காய்ச்சி தேய்க்கிறது நம்ம வீட்ல பாட்டி காலத்து வழக்கம், மனுசனுக்கு சரி, நாய்க்கு வேண்டவே வேண்டாம். அது நக்கும், கற்பூரம் உள்ள போனா வலிப்பு வரைக்கும் கொண்டு போகும். நாம தேய்க்கிற வலி தைலமும் வலி ஜெல்லும் அதே கதைதான். போதாக்குறைக்கு மோப்பம் புடிக்கிற மூக்குக்கு பக்கத்துல அவ்வளவு காரமான வாசனைய பூசிட்டு காலைல வெடிமருந்து தேடுன்னா அது என்னத்த தேடும்? அப்புறம் மாத்திரை. மெடிக்கல்ல வாங்குற இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நாயோட வயித்துல புண்ணு போட்டு கிட்னிய கெடுக்கும், பாராசிட்டமால் ஈரல கெடுக்கும், நாய் செத்தும் போயிருக்கு. ஒரு இடத்துல "அரை மாத்திரைதானே"ன்னு குடுத்து நாய் கருப்பா வெளிக்கி போனப்புறம் தூக்கிட்டு ஓடுனத நான் கண்ணால பாத்திருக்கேன். நாய்க்குன்னு டாக்டர் எழுதுற மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் இருக்கு, அதையும் டாக்டர் எடை பாத்து எழுதுன அளவுக்கு மேல ஒரு சொட்டு குடுக்கக்கூடாது, வெயில்ல தண்ணி வத்திப்போன நாய்க்கு உடனே குடுக்கக்கூடாது, ஸ்டீராய்டு கூட சேத்தும் குடுக்கக்கூடாது.

இன்னொன்னு, எல்லா விறைப்பும் வேலையால வர்றது இல்ல. நம்ம ஊர்ல உண்ணிக்காய்ச்சல் ரொம்ப ஜாஸ்தி. இன்னைக்கு ஒரு கால், நாளைக்கு வேற கால்னு மாறி மாறி நொண்டுனா, கூடவே காய்ச்சல், சோறு வேண்டாம்ங்கிறது, மூக்குல ரத்தம், வயித்து தோல்ல சின்ன சின்ன செவப்பு புள்ளி இதுல எது இருந்தாலும் நீவி விட்டுக்கிட்டு உக்காராதீங்க, அன்னைக்கே ரத்த டெஸ்ட். ரெண்டு நாள் ரெஸ்ட் குடுத்தும் நொண்டுனா எக்ஸ்ரே எடுக்க சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலின்னு கால்நடை கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, அனுப்ப வண்டி குடுங்க ஐயா.

கென்னல பத்தியும் சொல்லணும். வெறும் சிமெண்ட் தரையில படுக்க வைக்கிறத நிறுத்துனாலே வலி குறையும். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி ஒல்லி உடம்பு நாய்க்கு எலும்புக்கும் தரைக்கும் நடுவுல கொழுப்பே கிடையாது, முழங்கையில காப்பு காச்சி, உள்ள தண்ணி கட்டி பந்து மாதிரி வீங்கிடும். தரையில இருந்து ஒரு சாண் உயரத்துல ஒரு பலகைக் கட்டில், மேல தடிமனான ரப்பர் மேட், அதுக்கு மேல தொவைக்கிற சாக்கு, இதுக்கு பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டாம். வண்டிக்கு ஒரு சாய்வுப் பலகை, வழுக்காம மேல கயித்துப்பாய் அடிச்சது, ஆயுதப்படை வளாகத்துல இருக்கிற கார்பெண்டரே ஒரு நாள்ல பண்ணிடுவாரு.

எடை விஷயத்துல ஹேண்ட்லர் தம்பிகளுக்கு மனசு கஷ்டமா இருக்கும், பாசத்துல கூட ஒரு முட்டை, கூட ஒரு கை சோறு வைக்கிறோம், எனக்கு புரியுது. அமெரிக்காவுல 48 லேப்ரடார குட்டியில இருந்து ஜோடி ஜோடியா பிரிச்சு, ஜோடியில ஒண்ணுக்கு மட்டும் 25 சதவீதம் கம்மியா சாப்பாடு குடுத்து சாகுற வரைக்கும் பாத்தாங்க, 2002ல முடிவு வந்துச்சு. கம்மியா சாப்பிட்டதுங்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூட வாழ்ந்துச்சு, மூட்டு வாதத்துக்கு மருந்து ஆரம்பிக்க வேண்டிய வயசும் மூணு வருஷம் போல தள்ளிப்போச்சு. விலாவ தடவுனா எலும்பு கைக்கு தட்டுப்படணும், அதுதான் சரியான எடை. மாசத்துக்கு ஒரு தடவ எடை போட்டு ரெஜிஸ்டர்ல எழுதுங்க, டாக்டர்கிட்ட கேட்டு மீன் எண்ணெய் சேத்துக்கங்க, அதுல இருக்கிற ஒமேகா 3 மூட்டு வீக்கத்துக்கு நல்லாவே கேக்குது.

ஐயா, இதுல முக்காவாசி ஹேண்ட்லர் கையிலயே இருக்கு, ஆனா நேரம் மட்டும் உங்க கையில இருக்கு. பதினாறு மணி நேரம் நின்ன ஒரு போலீஸ்காரர்கிட்ட "இன்னும் அரை மணி நேரம் இருந்து நாய நீவி விட்டுட்டு போ"ன்னு வாய் வார்த்தையா சொன்னா அது நடக்காது, நடக்கணும்னு எதிர்பாக்குறதும் நியாயம் இல்ல. டூட்டி சார்ட்ல செக்கிங் முடியுற நேரத்துக்கு கீழ இன்னொரு வரி போட்டு அரை மணி நேரம்னு எழுதி கையெழுத்து போடுங்க, ரெஜிஸ்டர்ல எந்த கால், எந்த மூட்டு, வீக்கம் இருக்கா இல்லையான்னு ஹேண்ட்லர் எழுதட்டும், மாசாமாசம் டாக்டர் அத பாக்கட்டும். அடுத்த திருவிழா பந்தோபஸ்து சார்ட் போடுறப்பவே இத ஆரம்பிக்கலாம். எந்த மாவட்டத்துல கூப்பிட்டாலும் நான் வந்து கையில தொட்டு காட்டி சொல்லித்தரேன், பஸ் சார்ஜ் கூட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள்ல ஒருத்தனா இருந்த ஒரு பழைய ஹேண்ட்லர்