மோதினார் எழுதித் தந்த நோட்டு

காஜிமார் தெருவிலும் சுற்றிலும் உள்ள சொந்தங்களுக்கும் ஜமாஅத்தாருக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

அத்தா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இன்றோடு நான்கு நாட்கள் ஆகின்றன. நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மறுபடியும் எழுத எனக்குத் தெம்பில்லை. இரத்தம் கொடுக்க வந்து நின்ற இளைஞர்கள், அம்மாவுக்கு வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டார், ஜும்ஆவில் துஆச் செய்த இமாம், நள்ளிரவிலும் முகம் சுளிக்காமல் வண்டியெடுத்த ஆட்டோ அண்ணன் எல்லோருக்கும் ஒரே வரியில் நன்றி சொல்வது தகாது என்று தெரிந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லிப் பணி ஓய்வு பெற்ற எங்கள் மோதினாரைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டும்.

இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பிறகு ஹத்தாத் ராத்திபு ஓதாமல் அத்தா உறங்கியதில்லை. ஏமன் நாட்டின் தரீம் நகரில் வாழ்ந்து 1720-இல் மறைந்த இமாம் அப்துல்லாஹ் இப்னு அலவி அல்ஹத்தாத் தொகுத்த அந்த ஓதல் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டைப் போல வழக்கமானது. அத்தாவால் பேச முடியாத நாட்களில் அவருக்குப் பதிலாக நான் ஓத வேண்டியதாயிற்று. மதரஸாவைப் பாதியில் விட்ட நான் அரபு எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். கைபேசியில் ஒலிக்கவிட்டுக் கூடவே ஓதிப் பார்த்தும், அந்த வேகத்துக்கு என் நாக்கு ஈடுகொடுக்கவில்லை. மருத்துவமனை வராந்தாவில் நான் தடுமாறியதை, அத்தாவைப் பார்க்க வந்த மோதினார் கேட்டிருக்கிறார். அன்று ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஒரு கோடு போட்ட நோட்டுடன் வந்தார். ராத்திபு முழுவதையும் தமிழ் எழுத்தில், கண்புரை படர்ந்த தம் கண்ணுக்கும் தெரியும்படி கொட்டை கொட்டையாக எழுதியிருந்தார். எங்கள் பாட்டிமார் தமிழை அரபு எழுத்தில் படித்தவர்கள். அவர்கள் பேரனுக்கு அரபைத் தமிழ் எழுத்தில் தர வேண்டியதாகிவிட்டது. தமிழில் இல்லாத ஒலிகளுக்கு அடிக்கோடு, மும்முறை ஓத வேண்டியவற்றுக்கு ஓரத்தில் சிவப்பு மையில் 3. ஐம்பது முறை சொல்லும் 'லா இலாஹ இல்லல்லாஹ்'வுக்குக் கீழே, தஸ்பீஹ் மணி இல்லாவிட்டாலும் விரலால் தொட்டு எண்ணும்படி, வரிசைக்குப் பத்தாக ஐந்து வரிசைச் சிறு வட்டங்கள் போட்டிருந்தார்.

நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்று மும்முறை சொல்லும் ஓரிடம் அதில் உண்டு. வீட்டில் அதைச் சாதாரணமாகக் கேட்டு வளர்ந்த எனக்கு, கதவுக்கு அப்பால் அத்தா கிடக்கையில் 'தீமையும்' எனப் பொருள்படும் 'வஷ்ஷர்ரு' என்ற சொல் வாயில் வர மறுத்தது. அவ்விடத்தில் மோதினார் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, 'இங்கே மூச்சு வாங்கவும்' என்று எழுதியிருந்தார். ஓதுவோருக்கான வழக்கமான குறிப்பாகவே அவர் அதை எழுதியிருக்கலாம். ஆனால் ஒவ்வோர் இரவும் அங்கே நின்று மூச்சு வாங்கிய பிறகே என்னால் அந்தச் சொல்லைக் கடக்க முடிந்தது.

ஓதியதால்தான் அத்தா பிழைத்தார் என்று நான் எவரிடமும் சொல்லப் போவதில்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவன் நான். அந்த இரவுகளில் என் கால் தரையில் நின்றதற்கு மட்டும் ராத்திபைக் காரணம் சொல்வேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சுக்கங்க தம்பி, யாருக்காவது தேவைப்படும்" என்றார். மேலமாசி வீதியில் ஒரு நோட்டும் சிவப்புப் பேனாவும் வாங்கிவந்து, அத்தா உறங்கிய பிறகு படியெடுத்து வருகிறேன். நேற்று 'யா ஃபாரிஜல் ஹம்ம்' (கவலையை நீக்குபவனே) வரை வந்திருக்கிறேன். வட்டங்கள் இனிமேல்தான் போட வேண்டும்.