'நடந்தால் போதும்' என்ற தலைப்பு பற்றி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார மருத்துவப் பக்கத்தில் 'நடந்தால் போதும், குடல் புற்றுநோய் திரும்பாது' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். அதே நோய்க்கு அறுவை சிகிச்சையும் ஆறு மாதம் கீமோவும் முடித்தவன் நான். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டர். உங்கள் கட்டுரையில் குடலும் வந்தது, லண்டன் பஸ் கண்டக்டரும் வந்தார். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆய்வு நல்ல ஆய்வுதான். பிசியோதெரபி படித்த என் மகள் அதை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். 'சேலஞ்ச்' என்று பெயர். 2025 ஜூனில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலுமாக 55 மையங்களில், பெருங்குடல் புற்றுக்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேர். 2009இல் ஆள் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். எட்டு வருட முடிவில், பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 90.3 பேர் உயிரோடு இருந்தார்கள். அந்தத் திட்டம் இல்லாத மற்ற பிரிவில் 83.2. நூற்றுக்கு ஏழு பேர் கூடுதல். ஒரு புது மாத்திரை இந்தக் கணக்கைக் காட்டியிருந்தால் கம்பெனிக்காரர்கள் வெடி வெடித்திருப்பார்கள்.

ஆனால் 'திரும்பாது' என்று எப்படிப் போட்டீர்கள்? ஐந்து வருடக் கணக்கைப் பாருங்கள். நோயில்லாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 80.3 சதவீதம், மற்றதில் 73.9. அப்படியென்றால் பயிற்சி செய்த பிரிவிலேயே ஏறக்குறைய இருபது சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது, இல்லை வேறு புற்று வந்திருக்கிறது, இல்லை உயிரே போயிருக்கிறது. அப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் உங்கள் தலைப்பைப் படித்தால் 'இவர் ஒழுங்காக நடக்கவில்லை, அதான்' என்று நினைக்க மாட்டார்களா? நோயும் வந்து, பழியும் வர வேண்டுமா?

அடுத்து அந்த லண்டன் கண்டக்டர்கள். ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் எழுதியது: டபுள் டெக்கர் படிகளில் நாள் முழுக்க ஏறி இறங்கும் கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே இருக்கும் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். அதை ஒரே வரியில் சொல்லி, 'உழைப்பே மருந்து' என்று முடித்துவிட்டீர்கள். எங்கள் ஆட்களைப் பற்றிய கதையின் சுவையான பாதியை விட்டுவிட்டீர்களே! மோரிஸுக்கே அப்புறம் சந்தேகம் வந்து, யூனிஃபார்ம் தைத்த அளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களுக்கு இடுப்பளவு பெரிது. அதுவும் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே! படி ஏறியதால் கண்டக்டர் ஒல்லியா, ஒல்லியாக இருந்தவர்தான் கண்டக்டர் வேலைக்கு வந்தாரா என்று அவரே தன் முடிவைக் குடைந்து பார்த்து 1956இல் அதையும் வெளியிட்டார். எங்கள் டெப்போவிலும் இதைச் சோதித்திருக்கலாம், காக்கி பேன்ட் கணக்கு இருந்திருந்தால்.

புற்றுநோயிலும் இதே சிக்கல்தான் இருந்தது. நடக்கிறவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று 2006இலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் தெம்பாக இருப்பவர்தானே நடப்பார்? உள்ளே நோய் தலைதூக்குபவர் சோர்ந்து படுத்துவிடுவார். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்து, இத்தனை வருடம் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. அந்த இன்னொரு பிரிவுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? உடற்பயிற்சியும் நல்ல சாப்பாடும் அவசியம் என்று அச்சடித்த புத்தகங்கள். அதாவது அவர்களுக்கும் 'நடங்கள்' என்று சொல்லியாயிற்று. பயிற்சிப் பிரிவுக்கு, புத்தகத்தோடு ஒரு ஆளையும் கொடுத்தார்கள். முதல் வருடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பு, அப்புறம் இரண்டு வருடம் மாதம் ஒருமுறை. எதைச் செய்வது, எங்கே தடைப்படுகிறது, மழை பெய்தால் என்ன செய்வது, மூட்டு வலித்தால் என்ன மாற்றுவது என்றெல்லாம் கேட்க ஒரு ஆள். இலக்கு ஒன்றும் மலையேற்றம் இல்லை. ஏற்கெனவே செய்வதோடு வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் வந்துவிடும். என் கண்ணுக்கு இந்த ஆய்வு அளந்தது நடையை மட்டும் அல்ல. மூன்று வருடம் விடாமல் கூடவே வந்த அந்த ஆளையும் சேர்த்துத்தான்.

எனக்குக் கிடைத்தது புத்தகப் பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி கீமோ முடிந்த அன்று கொடுத்த தாளில் மாத்திரை விவரத்துக்குக் கீழே 'தினமும் நடக்கவும்' என்று ஒரு வரி. பதினோரு நாள் நடந்தேன். பன்னிரண்டாம் நாள் மழை. வீட்டில் எல்லாரும் "உடம்பு தேறட்டும், படுங்கள்" என்றார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. (1966இல் அமெரிக்காவின் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐவரைச் சோதித்தால், முப்பது வருட மூப்பு இறக்கியதைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்கள் உடலின் தாக்குப்பிடிக்கும் திறனை அதிகம் இறக்கியிருந்தது. இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அன்றோடு "படுங்கள்" நின்றது.)

பிறகு எப்படி மறுபடி கிளம்பினேன் என்றால், என்னோடு ஒன்பது வருடம் ஒரே ரூட்டில் ஓட்டிய டிரைவர் அண்ணனுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. காலை ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்று விசில் அடிப்பார். அந்தக் காலத்தில் நான் விசில் கொடுத்தால்தான் அவர் வண்டியை எடுப்பார்; இப்போது தலைகீழ். எல்லாருக்கும் இப்படி ஒரு டிரைவர் வாய்க்குமா?

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். புற்றுநோய் மருத்துவர்களைப் பேட்டி எடுக்கும்போது நோயாளியை நடக்கச் சொல்வீர்களா என்று கேட்காதீர்கள், எல்லாரும் சொல்கிறார்கள். நடந்தாரா என்று அடுத்த மாதம் யார் கேட்பார், அதற்குச் சம்பளத்தில் ஆள் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். கீமோவுக்குப் பதிலாக நடை என்று யாரும் எடுத்துக்கொள்ளாதபடி ஒரு வரியும் சேருங்கள். அந்த 889 பேரும் முதலில் கீமோ முடித்தவர்கள். தசை, மூட்டுத் தொந்தரவு பயிற்சிப் பிரிவில் 18.5 சதவீதம், மற்றதில் 11.5 என்பதையும் மறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
விருதுநகர்.

பி.கு.: கட்டுரைக்குப் போட்ட படத்தில் கடற்கரையில் ஓடும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆய்வில் இருந்தவர்களின் இடைநிலை வயது 61. அடுத்த முறை படம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானும் டிரைவர் அண்ணனும் தயார்.