போனைத் தள்ளி வைத்து ஒரு டம்ளர் டீ

ஐயா,

பாலக்கோட்டில் தினமும் காலை 5.30 மணிக்கு டீ போடுகிறேன். முன்பு ஒரு கையில் டம்ளர், மறு கையில் போன். குடித்த ருசியே தெரியாது. கணவர் காலமான பிறகு ஒருநாள் போனை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றேன். தட்டிப்போட்ட இஞ்சி கொதித்து, நீலகிரித் தூள் விழுந்ததும் தண்ணீர் மெல்லச் சிவந்தது. பால் பொங்கி வரும் அந்த நொடியில் வேறு நினைப்பே இல்லை. அப்புறம் திண்ணையில் பத்து நிமிடம்.

எங்கள் மாவட்ட நிலத்தடி நீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உப்பு அதிகம், தேயிலையிலும் அது உண்டு. அதனால் ஒகேனக்கல் குடிநீரில்தான் போடுகிறேன். ஒரு டம்ளரோடு சரி. உங்கள் நாளிதழைக்கூட டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் பிரிக்கிறேன்.

– ஓய்வு பெற்ற ஆசிரியை, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்