ஒளிப்பதிவுக் கூடத் திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய முன்னாள் மாணவர் மன்ற உறுப்பினர்களே,

வணக்கம். கல்லூரி ஊடகத் துறையின் ஒளிப்பதிவுக் கூடமும் படத்தொகுப்பு அறையும் புதுப்பிக்கப்பட்டு மாணவர்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. வண்ணப்பூச்சு, மின்கம்பி, விளக்குகள், பச்சைத்திரை ஆகியவை குறித்த தொகைக்குள் முடிந்தன. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் எழுதப்போவதில்லை. எல்லோரும் கேட்பது கூரையைப் பற்றி: ஏன் இத்தனை தாமதம், ஏன் கூடுதல் செலவு?

நம் கூடம் கடைவீட்டின் மேல்மாடியில், தகரக் கூரைக்கு நேர் கீழே இருக்கிறது. கோலாலம்பூரின் பிற்பகல் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மணிக்கு வானம் கறுத்தால் செய்தி வாசிக்கும் மாணவியின் குரல் காணாமல் போய்விடும். முதல் குத்தகையாளர் விலைப்புள்ளியில் ‘முழு ஒலித்தடுப்பு’ என்று எழுதிக் கொடுத்தார். செய்தது என்ன? சுவரெங்கும் கூம்பு கூம்பான நுரைப்பஞ்சுத் தகடுகளைப் பசை தடவி ஒட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சில உறுப்பினர்கள் அதன் முன் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பஞ்சு அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். வெளியிலிருந்து வரும் சத்தத்தை நிறுத்தக் கனம் வேண்டும், காற்றிடைவெளி வேண்டும். மழை வந்த ஒரு பிற்பகலில் குத்தகையாளரையே கூடத்தில் அமர்த்தி, ஒலிவாங்கியைத் திறந்து, காதொலிப்பானை மாட்டிவிட்டோம். கேட்டார். கழற்றி மேசையில் வைத்தார். “மழைக்கு நான் என்ன செய்ய முடியும்?” என்றார்.

அதன் பிறகுதான் மீதித் தொகையை நிறுத்தி வைத்தோம். ‘பாவம், நம்மவர்தானே, கொடுத்து அனுப்புங்கள்’ என்று தொலைபேசியில் சொன்னவர்களுக்கு இங்கேயே பதில்: அந்தப் பணமும் நம்மவர்கள் கொடுத்ததுதான். கடிதம், மறுகடிதம், வழக்கறிஞர் கடிதம் என்று இழுத்து, குத்தகையாளர் ஒட்டிய பஞ்சுக்கு உரியதை மட்டும் பெற்றுக்கொண்டு விலகினார். அடுத்து வந்தவர் பழைய கூரைக்குக் கீழே, ரப்பர் பொருத்திய கொக்கிகளில் தொங்கும் இரண்டாவது விதானத்தை அமைத்தார். ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு. அதன் மேல் சத்தத்தை உறிஞ்சும் பாறைக்கம்பளி (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு). இடுக்குகளில் அடைப்புப் பசை. பலகை எங்கும் சுவரில் முட்டக் கூடாது, முட்டினால் அந்த வழியே சத்தம் இறங்கிவிடும் என்பதால் விளிம்புகளை மட்டுமே நாள்கணக்கில் பார்த்தார்கள். தாமதத்துக்கும் கூடுதல் செலவுக்கும் காரணம் இதுதான், வேறில்லை. இப்போது மழையிலும் பதிவு நடக்கிறது.

கேமரா வாங்கிய நேரம் பற்றி ஒரு புகார். 2024 பிப்ரவரியில் டாலருக்கு ஏறத்தாழ 4.80 ரிங்கிட் என்ற நிலையில் வாங்கினோம். செப்டம்பரில் அது 4.12 அளவுக்கு இறங்கியது. வித்தியாசத்தைக் கணக்கிட்டுக் காட்டிய உறுப்பினருக்கு நன்றி. 1998 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு சரிந்தது நாம் வாங்கிய அந்தப் பிப்ரவரியில்தான். இன்னும் சரியும், உடனே வாங்குங்கள் என்று அன்று வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

ஒரு கேமராவைக் குறைத்து, கண்ணுக்கே தெரியாத சேமிப்பகத்திலும் கம்பியிலும் பணத்தைக் கொட்டியது ஏன் என்றும் கேட்டார்கள். 4கே காட்சியை நொடிக்கு 25 பிரேம் வீதம் புரோரெஸ் 422 என்ற, தொகுப்புக்கேற்ற கோப்பு வடிவில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 220 கிகாபைட். பழைய ஒரு கிகாபிட் கணினி வலை இணைப்பில் மூன்றாவது மாணவர் தொகுக்க உட்கார்ந்தால் எல்லோருக்கும் படம் திக்கித் திக்கி ஓடும். ஆகவே கணினிகளை இணைக்கும் 10 கிகாபிட் சுவிட்ச், பொதுச் சேமிப்பகம், வேறு கட்டடத்தில் இரவுதோறும் ஒரு மறுபிரதி. அங்காசாபுரியிலுள்ள அரசு ஒளிபரப்பு நிலையத்துக்கோ வேறு நிலையத்துக்கோ வேலை தேடிப் போகிற மாணவர் கேமராவைத் தூக்கிக்கொண்டா போகிறார்? தொகுத்து முடித்த படத்தைத்தான் கொண்டுபோகிறார். மென்பொருளில் மிச்சம் பிடித்தோம்: டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே 4கே வரை வெளியிட விடுகிறது. இதை யாரும் பாராட்டவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

நன்கொடையாளர்களின் பெயர்கள் கூடத்தின் வாசலில் பலகையாக உள்ளன. செந்தூல் அச்சக உரிமையாளர், மஸ்ஜித் இந்தியா ஜவுளிக்கடைச் சகோதரர்கள், பிரிக்பீல்ட்ஸ் பூமாலைக் கடை அம்மா, ஈப்போ சாலை உணவக உரிமையாளர், கிள்ளான் லாரி முதலாளி, காஜாங் ஆசிரியைகள், ஜிப்சம் பலகையை அடக்க விலைக்கே தந்த பத்துமலை கட்டுமானப் பொருள் வணிகர், பெயர் வேண்டாம் என்று சொல்லி எல்லாரையும்விட அதிகம் கொடுத்த ஓய்வுபெற்ற தாதி. தொகைக்கேற்ப எழுத்தைப் பெரிதாக்கலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. பெயர்கள் அகர வரிசையில்தான் இருக்கின்றன.

மீதித் தொகை மின்தடை நேரத்துக்கான மின்காப்பு பேட்டரிக்கும் சேமிப்பகத்தில் தேய்ந்துபோகும் வட்டுகளுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். கூடத்தைப் பார்க்க வருபவர்கள் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு வரவும். சிவப்பு விளக்கு எரியும்போது கதவைத் தட்ட வேண்டாம், நன்கொடையாளராகவே இருந்தாலும்.

இங்ஙனம்,
செயலாளர்,
திருப்பணிக் குழு