வெளியே வாங்கச் சொன்ன சீட்டு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு முட்டிதான் காரணம். தென்காசியில் சாரல் தொடங்கினால் என் முட்டிவலியும் கூடவே தொடங்கிவிடுகிறது, இரண்டும் கூட்டணி. மீனாவுக்கு பாங்கில் திருச்சிக்கு மாற்றல் போட்டுவிட்டார்கள், பேரன் இப்போது எங்களிடம்தான் இருக்கிறான், மற்றபடி எல்லோரும் சுகம். உன் கண் ஆபரேஷன் எப்படிப் போயிற்று என்று ஒரு வரிகூட இல்லையே, மூன்று பக்கமும் அரசாங்கத்தைப் பற்றியே எழுதித் தள்ளியிருக்கிறாய்.

சரி, அதற்கே வருகிறேன். சுகாதாரத்துக்கு அரசு செய்யும் செலவைக் கண்காணிக்கத் தனியாக ஒரு ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும், பெரிய பில் எல்லாம் அவர் மேசைக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும் என்கிறாய். முப்பது வருஷம் கருவூலத்தில் பில் பாஸ் பண்ணினவனுக்கு வேறு எப்படித் தோன்றும்! நான் மருந்து ஸ்டோர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தவன், எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது.

1991, நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருக்கும். ஒரு தாலுகா ஆஸ்பத்திரி, எந்த ஊர் என்று உனக்குத் தெரியும். ஸ்டோரில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, யார் கேட்டார்கள் யார் அனுப்பினார்கள் என்று எனக்கும் தெரியாது, பெரிய டாக்டருக்கும் தெரியாது. ஆனால் தையல் போட நூல் இல்லை. ஒரு ராத்திரி, கதிர் அறுக்கும்போது கையில் அரிவாள் பட்டு ஒரு அம்மாவைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். டூட்டி டாக்டர் நூல், கையுறை, ஊசி என்று ஒரு சீட்டில் எழுதி அவள் புருஷனிடம் கொடுத்தார். மூடியிருந்த மெடிக்கல் ஷாப்பைத் தட்டி எழுப்பி வாங்கிக்கொண்டு அந்த மனுஷன் ஓடிவர முக்கால் மணி நேரம், அதுவரை நான் அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்த வாரக் கூலி முழுக்க அந்தச் சீட்டிலேயே போயிருக்கும்.

அடுத்த மாதம் தணிக்கைக்கு ஒருவர் வந்தார். என் ஸ்டாக் புத்தகத்தில் ஒரு மாத்திரை பிசகில்லை, எல்லா வரியிலும் பென்சிலால் டிக் அடித்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அரசுக் கணக்கு அவ்வளவு சுத்தம். அந்த மனுஷன் கொடுத்த பணம் எந்தக் கணக்கிலும் இல்லை, ஏனென்றால் அது அரசு செலவு செய்த பணமே இல்லையே!

இதை மாற்றியது கண்காணிப்பு ஆணையம் எதுவும் இல்லை என்பதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். மருந்து கொள்முதல் ஊழலில் பெயர் நாறிப்போன பிறகு 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கினார்கள், பூர்ணலிங்கம் ஐ.ஏ.எஸ். முன்னின்று உருவாக்கியது. வெளியிலிருந்து பார்த்தால் அது மருந்து வாங்கிக் கொடுக்கும் கம்பெனி, அவ்வளவுதான். ஆனால் வாங்குகிற விதத்திலேயே காவலை வைத்துவிட்டார்கள். டெண்டருக்கு இரண்டு உறை, தகுதியைப் பார்த்துத் தேறினால்தான் விலை உறையைப் பிரிப்பார்கள். கிடங்குக்கு வந்த சரக்கில் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்துச் சங்கேத எண் போட்டு, லேபுக்கு அனுப்புவார்கள், தேறிய பிறகுதான் அந்த பேட்ச் எங்களுக்கு வரும். அட்டையிலேயே அரசு சப்ளை, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும், திருடினாலும் கடையில் தள்ளுவது கஷ்டம்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு ரூபாய் என்று ஒதுக்கிவிடுவார்கள், மாவட்டக் கிடங்கில் எடுக்க எடுக்கக் கழியும். முதல் தடவை இண்டென்ட், அதாவது எங்களுக்கு வேண்டிய மருந்துப் பட்டியல், போட நானும் பெரிய டாக்டரும் உட்கார்ந்தபோது சண்டையே வந்துவிட்டது, அவர் ஒரு மருந்தைக் கூட்டச் சொல்கிறார், நான் நூலைக் குறைக்க முடியாது என்கிறேன். எதை எடுத்தால் எது போகும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. பி காம்ப்ளெக்ஸ் மலை மறுபடி ஏறவே இல்லை. பிறகு கேரளா, ராஜஸ்தான் எல்லாம் இந்த வழியில்தான் கழகம் வைத்தன. குறை இல்லாமல் இல்லை, ஓரிடத்தில் வாங்கினால் ஒரு டெண்டர் இழுத்தாலும் மாநிலம் முழுக்க அந்த மருந்து இருக்காது, அது அந்த முறையோடு பிறந்த நோய்.

இப்போது நீ சொல்கிற மாதிரி மேலே உட்கார்ந்து பார்க்கும் அமைப்புக்கு வா. ஏழைக் குடும்பங்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுக்குத் தேசிய சுகாதார ஆணையம் 2019 முதல் இருக்கிறது, மோசடியைப் பிடிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. 2023-ல் அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை வந்தபோது ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே செல்போன் எண்ணில், அதுவும் ஒன்பதையே பத்து தடவை போட்ட எண்ணில், பதிவாகியிருந்தார்கள். ஆளைச் சரிபார்க்க போன் எண்ணைப் பயன்படுத்துவதில்லை என்று அரசு விளக்கம் சொன்னது, இருக்கட்டும். ஆனால் அத்தனை ஒன்பதைப் பார்த்து ஒருவருக்குமா உறுத்தவில்லை? பணம் போன பிறகு பில்லைப் பார்ப்பவனுக்கு பில்தான் தெரியும்.

உன் மருமகன் அமெரிக்காவைப் பார் என்றானாம். அங்கே மெடிகேர் என்ற முதியோர் அரசுக் காப்பீட்டின் செலவைக் கட்டுப்படுத்த 2010 சட்டத்தில் பதினைந்து பேர் வாரியம் ஒன்றை எழுதிவைத்தார்கள், கிழவர்களைச் சாகடிக்கும் குழு என்று எதிர்க்கட்சி கிளப்பிவிட்டது, ஒரு உறுப்பினரைக்கூட நியமிக்காமலே 2018-ல் அதை ரத்து செய்துவிட்டார்கள். அவனிடம் கேள்.

ஆணையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை சேகர். 2021-22 கணக்குப்படி இந்தியாவில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் 39.4 சதவீதம் ஜனங்கள் கைக்காசு. அரசு செலவை மட்டும் பார்க்கிற ஆணையம் இதைத் தொடவே தொடாது. நீ அமைக்கிற ஆணையத்துக்கு ஒரே ஒரு வேலை கொடு, வெளியே எழுதிக் கொடுக்கிற சீட்டை எண்ணட்டும். எந்த மருந்து எத்தனை நாள் இல்லை, எத்தனை பேரைக் கடைக்கு அனுப்பினோம் என்று மாதாமாதம் ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டட்டும். நீதிபதி பக்கத்தில் ஒரு மருந்தாளுநருக்கும் நாற்காலி போடு, ஸ்டோரில் எது எங்கே ஒளிந்திருக்கும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும், அந்தச் சீட்டை யாரடா ஒழுங்காகப் பதிவு பண்ணுவான் என்பாய். நியாயம்தான். முத்திரை வேண்டாம், துண்டுத்தாளில் எழுதிக் கொடு என்று எனக்கே சொல்லியிருக்கிறார்கள், நானும் கொடுத்திருக்கிறேன், எத்தனை என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்கு எனக்கு இன்னும் வழி தோன்றவில்லை. உனக்குத் தோன்றினால் எழுது.

ஆடி முடிந்ததும் வருகிறேன் என்றாயே, அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தை மறந்துவிடாதே, சீட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏற என் முட்டி ஒத்துழைக்காது.

அன்புடன்,
கணேசன்