தம்பிக்கு, கையெழுத்தோடு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

முதலீட்டாளர்கள் பணம் போடும் முன் நம் நிறுவனத்தின் தாள்களையெல்லாம் சோதிக்கப் போகிறார்கள். அதற்காக உன் வழக்கறிஞர் அனுப்பிய பத்திரம், நான் எழுதிய மென்பொருள் நிரலின் உரிமையை நிறுவனத்துக்கு ஒப்படைப்பது, இரண்டு வாரமாக என் மேசையில் கிடந்தது. இன்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாம் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பத்திரத்தில் கைம்மாறு 1 வெள்ளி என்று போட்டிருக்கிறது. ஒப்பந்தம் செல்ல ஏதோ ஒரு தொகை வேண்டும் என்பதற்காக வழக்கமாகப் போடுவதுதான். தெரிந்தும் வலித்தது.

அக்காவின் கையெழுத்து எதற்கு என்று உன் ஆட்கள் கேட்டால் சரியாகச் சொல். ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதும் நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்குச் சேரும். நான் எழுதியபோது நம் நிறுவனம் அக்ராவில், அதாவது சிங்கப்பூரின் நிறுவனப் பதிவு ஆணையத்தில், பதிவாகவே இல்லை. அதனால் அது என்னுடையது. வெளியாளிடம் எழுதி வாங்கியதும் அப்படித்தான்: பில்லுக்குப் பணம் கட்டியதால் காப்புரிமை கைமாறாது. அவர் கையெழுத்திட்ட ஒப்படைப்புத் தாள் வேண்டும்.

டேக்கா உணவங்காடி ஞாபகம் இருக்கிறதா? செயலியை முடித்துக்கொடுத்த பையன் எதிரே பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான். என் பையில் ஒரு பக்க ஒப்படைப்புத் தாள் தயாராக இருந்தது. பாதி வெளியே எடுத்துவிட்டேன். நீ மேசைக்கடியில் என் கையைத் தடுத்து, "நம்ம பையன்க்கா, அவன்கிட்டப் போயி பேப்பர நீட்டுவீங்களா?" என்றாய். அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். நான் தாளை உள்ளே தள்ளிவிட்டு மூன்று பேருக்கும் தேநீர் சொன்னேன். அன்று நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள். ஆனால் வேண்டாம் என்றது நீ. இன்று அவன் எந்த ஊரில் இருக்கிறானோ, முதலீட்டாளர் தரப்பு அந்தத் தாளைத்தான் கேட்கிறது. அவன் கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். இப்போதே ஆள் போடு.

அடுத்தது, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பட்டியல். உன் எக்செல்லை யாரும் நம்பமாட்டார்கள். அக்ராவின் மின்னியல் உறுப்பினர் பதிவேட்டில் ஏறினால்தான் ஒதுக்கீடு செல்லும். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் பங்குதாரர் ஒப்புதல் தீர்மானம், இயக்குநர் தீர்மானம், 14 நாள்களுக்குள் தாக்கல் செய்ததற்கான சான்று, மூன்றையும் தேடி எடு. பங்கு கைமாறியிருந்தால் 0.2 விழுக்காடு முத்திரைத் தீர்வை கட்டிய சான்றும் வேண்டும். அக்ராவின் பிஸ்ஃபைல் இணையதளத்தில் நிறுவன விவரத்தை வாங்கி வரிக்கு வரி ஒப்பிடு. வாட்ஸ்ஆப்பில் யாருக்காவது "ஒரு விழுக்காடு தர்றேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தால் அதையும் எழுது. அப்படி ஒரு செய்தியாவது இருக்கும், எனக்குத் தெரியும்.

என் பங்கைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அது வழக்கறிஞர்கள் பேச வேண்டியது.

ஊழியர்களுக்கென்று ஒதுக்கிவைக்கும் பங்குத் தொகுப்பை எங்கே கணக்கிடுகிறார்கள் என்று பார். பணம் வருவதற்கு முந்தைய மதிப்பு, அதாவது முன்மதிப்பு, 8 மில்லியனாக இருக்க 2 மில்லியன் வாங்கினால் முதலீட்டாளருக்கு 20 விழுக்காடு. முதலீட்டுக்குப் பிந்தைய மொத்தத்தில் 10 விழுக்காட்டுத் தொகுப்பை முன்மதிப்புக்குள்ளேயே ஒதுக்கச் சொன்னால், பழைய பங்குதாரர்களுக்கு மிஞ்சுவது 70. அதாவது உன் நிறுவனத்துக்கு அவர்கள் தந்த உண்மையான விலை 7 மில்லியன். முன்பே பணம் வாங்கிப் பின்னால் பங்கு தருவதாக எழுதிக்கொடுத்த சேஃப் பத்திரங்களும் பங்காக மாறும்போது இன்னும் குறையும். இதைத் தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்துப் பயப்படாதே. யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்.

வருமானத்தில் பெருமை வேண்டாம். ஓராண்டுக்கு 60,000 வெள்ளி முன்பணம் வந்தால் மாத வருமானம் 5,000தான், மீதி நீ இன்னும் செய்து தர வேண்டிய வேலை. பில்லோடு வசூலித்த 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உன் வருமானமல்ல. அவர்கள் வங்கி அறிக்கையைப் பில்களோடு பொருத்துவார்கள். ஒரு மாதம் இடித்தாலும் மற்ற மாதங்களையும் சந்தேகிப்பார்கள்.

மத்திய சேமநிதி (மசேநி) விஷயம். ஃப்ரீலான்சர் என்று பெயர் எழுதி முழுநேர வேலை வாங்கிய சிங்கப்பூரர் யாராவது இருந்தால், 55 வயது வரை முதலாளி பங்கு 17 விழுக்காடு, தாமதத்துக்கு மாதம் 1.5 விழுக்காடு வட்டி. நான் இருந்தபோதே இதைச் சொன்னேன். எத்தனை முறை சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். இதற்கு மேல் பொதுவில் வேண்டாம்.

எதையும் மறைக்காதே. நிறுவனத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை என்று ஒப்பந்தத்தில் நீயே தனிப்பட்ட முறையில் உத்தரவாதம் தரவேண்டி வரலாம். குறைகளை முன்கூட்டியே பட்டியலிடும் வெளிப்படுத்தல் கடிதத்தில் தெளிவாகச் சொல்லிவிட்ட குறைக்காகப் பின்னால் உன்மேல் பாய்வது கடினம். சொல்லாமல் விட்டதற்குத்தான் கேட்பார்கள். பொறுப்புக்கு உச்சவரம்பும் கால வரம்பும் கேட்டு வாங்கு. தயங்காதே, கேட்டதற்காக அவர்கள் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கேட்டால் நீ பொய் சொல்வாய்.

பத்திரத்தோடு அந்த ஒரு பக்கத் தாளையும் உறையில் வைத்திருக்கிறேன். முன்பு எழுதியவையும் சேரும் என்று ஒரு வரி கூட்டியிருக்கிறேன். அவன் கிடைத்தால், கையெழுத்திடும் நாளின் தேதியையே போடு. பழைய தேதி போட்டுவிடாதே.

அக்கா